எந்தக் கூரைக்கு எந்தக் கை

ஐப்பசி மழையில் வீடு ஒழுகத் தொடங்கியதும் நாம் செய்கிற முதல் காரியம், தெரிந்த கொத்தனாருக்குப் போன் போடுவது. அவரும் வந்து மேலே ஏறி, உள்ளே ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலே கொஞ்சம் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவார். அடுத்த மழையில் அதே இடமோ, இரண்டடி தள்ளியோ மறுபடி ஒழுகும். அந்தக் கொத்தனார் கெட்டிக்காரராகவே இருக்கலாம். சுவர் எழுப்புவதில் ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இந்தக் கூரை அவர் பழகிய கூரைதானா என்று நாம் கேட்டிருக்க மாட்டோம்.

தமிழ்நாட்டில் கூரை வேலை என்றைக்குமே ஒரே தொழிலாக இருந்ததில்லை. கீற்று வேய்கிறவர் வேறு, கைமரம் ஏற்றி ஓடு போடுகிற ஆசாரி வேறு. சுண்ணாம்புத் தளம் தட்டுகிற கொத்தனாரும் கம்பி கட்டி கான்கிரீட் போடுகிற ஆளும் ஒருவரல்லர். ஷீட் அடிக்கிற வேலை வெல்டருடையது. இவர்கள் எல்லோருக்கும் பிறகு வந்து சேர்ந்தவர் வாட்டர்ப்ரூஃபிங்காரர். ஒவ்வொருவரும் தண்ணீரை ஒவ்வொரு விதமாகக் கையாளக் கற்றவர்கள். ஓடு தண்ணீரை வேகமாக வழித்துக் கீழே தள்ளுகிறது. சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் குடித்துவிட்டு, வெயில் வந்ததும் கக்கிவிடுகிறது. கான்கிரீட்டுக்கு மேலே இன்னொரு காப்பு வேண்டும். தகரம் பெரும்பாலும் நாம் துளை போட்ட இடத்திலும், இரண்டு ஷீட் சேர்கிற இடத்திலும்தான் ஒழுகும். நான்குக்கும் ஒரே டப்பாவில் மருந்து இருப்பதாகச் சொல்லி விற்கிறார்கள். பழைய வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏற்பட்ட உறுதியான கருத்து இதுதான்: ஒரு கூரைக்கு உரிய வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்வது, மழை செய்கிற கெடுதலைவிடப் பெரிய கெடுதல்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் நுழைகிற இடமும் சொட்டுகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. மாடித் தளத்தில் கைப்பிடிச் சுவர் ஓரத்து வெடிப்பில் இறங்குகிற நீர், தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நகர்ந்து, பத்தடி தள்ளி மின்விசிறிக் கொக்கி வழியாகச் சொட்டும். ஓட்டு வீட்டில் முகட்டருகே புகுந்த நீர் கைமரத்தின் அடிப்பக்கமாகவே வழிந்து, சுவர் பக்கம் வந்துதான் விழும். குளியலறைக் குழாய் கசிவைக் கூரைக் கசிவு என்று நினைத்து மாடி முழுவதையும் பூசியவர்களும் உண்டு. கோடையிலும் ஈரம் காயவில்லை என்றால் முதலில் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். எனவே கூரைக்கு ஆள் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அவர் நோயைத் தேடுகிறாரா என்பதுதான். வீட்டுக்குள் வராமல், எத்தனை வருடக் கட்டடம் என்று கேட்காமல், போனிலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்கிறவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

இன்று நம்மில் மிகப் பலர் குடியிருப்பது கான்கிரீட் தளத்துக்குக் கீழே. அதனால் அதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கான்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீர் இறங்காது என்பது பரவலான நம்பிக்கை. நன்றாகப் போட்ட கான்கிரீட்டிலும் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதால் மெல்லிய வெடிப்புகள் வரும். அதற்காகத்தான் நம் ஊரில் மேலே சுர்க்கி போட்டுத் தட்டோடு பதித்தார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அந்தக் கனமான அடுக்கு வாட்டத்தையும் தரும், வெயிலையும் தாங்கும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இருந்தால் நீர் தேங்காமல் ஓடும். இப்போது பல வீடுகளில் அந்த இடத்தை அக்ரிலிக், பாலியூரித்தேன் பூச்சுகளும், தீ காட்டி ஒட்டுகிற தார் மெம்பரேனும் பிடித்துக்கொண்டுவிட்டன.

எது நல்லது என்ற வாதத்தில் இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. சுர்க்கித் தளம் கனமானது. சுண்ணாம்பைப் பக்குவம் பார்த்துக் கலக்கத் தெரிந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். சிமெண்டை அதிகமாகக் கலந்து அவசரமாகப் போடுகிற இன்றைய சுர்க்கி, பழைய சுர்க்கியின் வேலையைச் செய்வதில்லை. பூச்சுகள் எடை இல்லாதவை, வெடிப்போடு சேர்ந்து நீளக்கூடியவை. ஆனால் அடித்தளம் சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால்தான் ஒட்டும். மேலே எந்தக் காப்பும் இல்லாமல் நம் வெயிலில் கிடக்கிற மலிவான பூச்சு சில கோடைகளில் செதில் செதிலாக உரிந்துவிடும். என் அளவில், வாட்டம் கெட்ட மாடிக்குப் பூச்சு வீண் செலவு. முதலில் வாட்டத்தைச் சரிசெய்கிற கொத்தனார், பிறகு பூச்சுக்காரர். நல்ல வாட்டர்ப்ரூஃபிங்காரர் இதை அவராகவே சொல்வார். மழைநீர்க் குழாயின் வாயையும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்கிற மூலையையும் பார்த்த பிறகுதான் நடுத்தளத்துக்கு வருவார். வேலை முடிந்ததும் குழாய்களை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிக் காட்டச் சொன்னால் தயங்க மாட்டார்.

ஆனால் மாடியில் வருவது எல்லாமே நீர்க்கசிவு நோய் அல்ல. இன்னொன்று கம்பித் துரு. இது உயிரோடு விளையாடுகிற நோய். புதிய கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம், அதன் பிஎச் அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கிற இரும்பைக் காக்கிறது. ஆண்டுகள் போகப் போகக் காற்றில் உள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து உள்ளே புகுந்து காரத்தைத் தின்றுகொண்டே போகிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கம்பிவரை இவை எட்டிவிட்டால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் சீலிங் பூச்சு வெடித்து விழுகிறது. இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 456 (2000), சாதாரணச் சூழலில் கம்பிக்கு வெளியே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. கடற்காற்று படுகிற இடத்தில் 45 மில்லிமீட்டர். கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் பலகை மீதே கிடத்திப் போட்ட தளங்கள் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர்கூட இல்லாமல் நம் கடற்கரை ஊர்களில் நிற்கின்றன.

இந்தத் துரு நோயைக் கண்டுபிடிக்கிற விதத்தை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் மறக்காது. பொறியாளர் ஏணியில் ஏறிச் சிறு சுத்தியலால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போவார். கணீர் என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறும். அங்கே உளியால் கொஞ்சம் கொத்தி, புதிதாகத் திறந்த பரப்பில் ஃபீனாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரம் மிச்சமிருக்கிற கான்கிரீட் உடனே கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். காரம் செத்துப்போன பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். சாம்பல் பகுதி கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தால், அந்த வீட்டுக்கு வேண்டியவர்கள் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரும், அவர் சொல்படி வேலை செய்கிற ரிப்பேர் கான்ட்ராக்டரும். முட்டுக் கொடுத்து, உளுத்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம்வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். இதைச் செய்யாமல் மேலே ஒரு கோட்டிங்கும் கீழே ஒரு பூச்சும் பூசினால், துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும். மேலே தண்ணீர் கட்டிப் பார்க்கிற சோதனையையும் இப்படிப்பட்ட தளத்தில் செய்யக் கூடாது. இரண்டங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோ எடை.

கம்பி வரிசையாக ஓடுகிற இடங்களில், சம இடைவெளியில் பழுப்புக் கோடுகள் சீலிங்கில் தெரிந்தால் அது துருவின் அடையாளம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பெரும்பாலும் மேலிருந்து வருகிற நீர். இதை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாம். யாரைக் கூப்பிடுவது என்பதில் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் தளம் என்றால் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். கான்கிரீட்டின் அடிப்பகுதியில் ஓடுகள் புதைந்திருக்கும், கம்பி அவற்றுக்கு நடுவே போகும். தெரியாத ஆள் ட்ரில் மெஷினோடு ஏறினால் ஓடும் உடையும், கம்பியின் காப்பும் போகும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் கவலை தருவதுமான கூரை: மெட்ராஸ் டெரஸ். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி தெருக்களிலும், புதுச்சேரியின் பழைய வீடுகளிலும், பழைய அரசுக் கட்டடங்களிலும் இன்றும் இருக்கிறது. உத்தரத்தின்மேல் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் ஓரங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, சுவருக்குக் கோணலாகச் சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டுகிற கட்டை துள்ளித் திரும்பும்வரை தட்டல் நிற்காது. கடைசியாகத் தட்டோடு. நூறாண்டு தாண்டி நிற்கிற தளங்கள் இப்படிச் செய்தவை.

இந்தத் தளம் ஒழுகினால் சிமெண்ட் பழகிய கை அதன்மேல் இரண்டங்குல கான்கிரீட் போடச் சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடிக்கு ஏறத்தாழ பதினோரு டன் புதிய பாரம். அதைவிட மோசம், சிமெண்ட் மூடி போட்டதும் சுண்ணாம்பு குடித்த ஈரம் மேலே ஆவியாகிப் போக வழியில்லை. அது கீழே இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கிற கட்டையின் நுனிதான் முதலில் இற்றுப்போகும், அது வெளியே தெரியாது. ஒருநாள் கட்டை சுவர்ப் பக்கத்தில் ஒடிந்து இறங்கும்போது ‘பழைய வீடு, அவ்வளவுதான்’ என்று இடித்துவிடுவார்கள். அந்த வீட்டைக் கொன்றது வயது அல்ல, அந்தச் சிமெண்ட் மூடிதான்.

இந்தக் கூரைக்கு வேண்டியவர்கள் இருவர். சுண்ணாம்பு நீற்றி, அரைத்து, பதம் பார்க்கத் தெரிந்த கொத்தனார். கட்டையைத் தட்டிப் பார்த்து, இற்ற நுனியைச் சுவரிலிருந்து விடுவித்து மாற்றத் தெரிந்த ஆசாரி. இருவரும் எளிதில் கிடைக்க மாட்டார்கள். பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்போடு வேலை செய்தவர்கள், கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை செய்தவர்கள், பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற கட்டடக் கலைஞர்கள் ஆகியோர் வழியாகத் தேட வேண்டும். கிடைத்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘சிமெண்ட் எவ்வளவு கலப்பீர்கள்?’ என்பதுதான். கலக்க மாட்டேன் என்று சொல்லி, எத்தனை நாள் சுண்ணாம்பு ஊற வேண்டும் என்று விளக்கத் தொடங்குகிறவர் சரியான ஆள். கூலி அதிகமாகத்தான் இருக்கும், நாளும் அதிகம் ஆகும். கொடுக்கலாம்.

ஓட்டுக் கூரைக்கு வந்தால், ஓடுகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. அரை உருளை வடிவ நாட்டு ஓடு, குயவர் கையில் பிறந்தது. ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கப்படுவதால் குரங்கும் பூனையும் நடந்தாலே நகரும். அதனால் ஆண்டுதோறும் மழைக்கு முன் பிரித்து அடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவர்கள் அருகி வருகிறார்கள். ஓடு சுடுகிற சூளையும் அப்படியே. இரண்டாவது, சீமை ஓடு என்கிற மங்களூர் ஓடு. பாசல் மிஷன் பாதிரிமார் 1860-களில் மங்களூரில் தொடங்கிய தொழில் அது, பிறகு கேரளம் வரை பரவியது. ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்கிற வடிவம், ரீப்பரில் தொங்குவதற்குப் பின்பக்கம் ஒரு மூக்கு. சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு பிடிக்கும்.

இரண்டுக்குமே ஆசாரிதான் முதல் ஆள், ஏனென்றால் ஓட்டுக் கூரையின் உயிர் மரத்தில் இருக்கிறது. அனுபவமுள்ள ஆசாரி வந்ததும் ஏணி கேட்க மாட்டார். உச்சி வெயில் நேரத்தில் உள்ளே வந்து, ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, அண்ணாந்து பார்ப்பார். இருட்டில் ஊசிமுனை வெளிச்சம் எங்கெங்கே தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு விலகியிருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது. பிறகு கைமரத்தில் கரையான் மண் கோடு ஓடுகிறதா, சுவர்மேல் மாவாக உளு உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் மேலே ஏறுவார். ஏறியதும் முதலில் கூடுவாய்க்குப் போவார், இரண்டு சரிவுகள் சேர்கிற இடத்தில் தகரம் பதித்த பள்ளம் அது. இலைச் சருகு அடைத்து நீர் பின்னால் ஏறுவது அங்கேதான். முற்றம் வைத்த வீடுகளில் நான்கு மூலையிலும் கூடுவாய் இருப்பதால் ஒழுகலும் பெரும்பாலும் அந்த நான்கு மூலைகளில்தான்.

ஓட்டின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைக்கிற வழக்கம் ஒழிய வேண்டும். அடைத்த ஓட்டைப் பிறகு உடைக்காமல் எடுக்க முடியாது. மரம் அசையும்போது சிமெண்ட் கூடவே அசையாது, வெடித்து நீரை உள்ளே இழுக்கும். முகட்டு ஓட்டைச் சாந்தில் உட்கார வைப்பது தனி, அது முறைப்படியானது. சரிவு கம்மியாக இருப்பதால் ஒழுகுகிற கூரையை எந்தப் பூச்சாலும் திருத்த முடியாது. முப்பது பாகைக்குப் பக்கத்தில் சரிவு இல்லையென்றால் காற்றோடு அடிக்கிற மழை ஓட்டுக்கு அடியில் ஏறும். மரத்தைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும் என்று ஆசாரி சொன்னால் அது ஏமாற்றுப் பேச்சாக இருக்க வேண்டியதில்லை. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போனால், பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய வீடுகளின் கூரைகளை அடியிலிருந்தே பார்க்கலாம். பழைய வீடு வைத்திருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்தால் ஆசாரி பேசுவது புரியும்.

கீற்றுக் கூரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. தென்னங்கீற்று ஓரிரு வருடம், பனையோலை அதைவிடக் கொஞ்சம் கூடுதல், விழல் இன்னும் கூடுதல். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றாயிற்று. அரசின் வீட்டுத் திட்டங்களும் குடிசையைக் கான்கிரீட்டாக மாற்றுவதையே நோக்கமாகக் கொண்டவை. வேய்கிறவரின் பிழைப்பு இப்போது தோட்டக் கொட்டகையிலும் சுற்றுலா விடுதியிலும் இருக்கிறது.

ஷீட் கூரையில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இன்னும் லட்சக்கணக்கான ஏழை வீடுகளின் தலைக்கு மேல் இருக்கிறது. அதன் எல்லா வகைகளையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நூலிழை நுரையீரலுக்குள் போன பிறகு நோய் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995-இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அவர்களுடைய உடல்நலப் பதிவேட்டை நாற்பது ஆண்டுகள் பாதுகாக்கச் சொன்னது இதனால்தான். முழுதாக, அசையாமல் இருக்கிற ஷீட்டில் ஆபத்து குறைவு. வெட்டும்போதும், துளைக்கும்போதும், தேய்த்துக் கழுவும்போதும்தான் தூசி கிளம்புகிறது. ஆகவே கிரைண்டரோடு வந்து நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்புங்கள். ஷீட்டை நனைத்து, போல்ட்டை அவிழ்த்து, உடைக்காமல் முழுசாக இறக்குகிறவர் வேண்டும். அவருக்கு முகக்கவசம் வேண்டும். அக்கம்பக்கக் குழந்தைகள் அன்றைக்கு அங்கே இருக்கக் கூடாது.

தகர ஷீட்டில் கவனிக்க வேண்டியது கனமும் பூச்சும். கால்வல்யூம் என்று விற்கப்படுவதில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். அதை கிரைண்டரால் அறுத்தால் தீப்பொறி பூச்சை எரித்துவிடும், வெட்டிய ஓரத்திலிருந்து துரு தொடங்கும். நல்ல ஃபேப்ரிகேட்டர் அளவெடுத்து, கம்பெனியிலிருந்தே அந்த நீளத்தில் வாங்கி வருவார். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் பிதுங்கும்படி முறுக்க மாட்டார், தளர்வாகவும் விட மாட்டார். காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம், அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும். சென்னைக்கு ஐ.எஸ். 875 குறிக்கிற அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது டெல்டாவில் பறந்த ஷீட்டுகளை நினைத்துக்கொண்டு, வெல்டரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: ஓரத்தில் ஸ்க்ரூவை நெருக்கிப் போடுவீர்களா, ட்ரஸ்ஸைத் தூணோடும் தூணை அஸ்திவாரத்தோடும் எப்படிப் பிடிப்பீர்கள்? ஷீட்டை மட்டும் பற்றிப் பேசுகிறவருக்கு நிழற்கூரை போடத் தெரியும், வீட்டுக்கூரை போடத் தெரியாது.

ஆள் சரிதான் என்று தெரிந்த பிறகு காலமும் காகிதமும் மிச்சம். நம் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. பங்குனி முதல் வைகாசி வரை காய்ந்த கூரையில் செய்கிற வேலைதான் நிற்கும், நல்ல ஆட்கள் கையில் நேரம் இருப்பதும் அப்போதுதான். நீலகிரியிலும் கன்னியாகுமரிப் பக்கமும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். ‘ஒரு சதுரத்துக்கு இவ்வளவு’ என்ற வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், பொருளின் பெயர், கனம், எத்தனை கோட்டு, பழைய அடுக்கை எடுப்பது யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்க வேண்டும். பத்து வருட கியாரண்டி என்றால் அது டப்பாவுக்கா, செய்த வேலைக்கா என்று கேட்க வேண்டும். கடைசித் தவணையை முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாகப் பேசிக்கொள்வது நியாயமானதே. தன் வேலை தெரிந்தவர் ஒப்புக்கொள்வார். தகராறு வந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. எழுதிய காகிதம் கையில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

கூலியைக் குறைத்துப் பேசும்போது அதில் எது குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் அது உடைந்து ஆள் கீழே விழுவார். போல்ட் வரிசைக்கு நேராக, ஷீட்டைத் தாங்குகிற பர்லின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஓட்டுச் சரிவில் கயிறும் இடுப்பு பெல்ட்டும் வேண்டும். இவற்றை மேஸ்திரியே கொண்டுவருகிறாரா, ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தவர்களா என்று முதல் நாளே கேட்டுவிடலாம். 1994-இலிருந்து இருக்கிற அந்த வாரியத்தில் பதிந்தவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு நிதி உதவி உண்டு. பலகையும் கயிறும் இல்லாமல் ஏறத் தயாராக இருக்கிற ஆள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஏற்றக் கூடாது.